கடைசியாகச் சாப்பிடுபவர்

எங்கள் வீட்டுத் தீபாவளி உபசரிப்புக்கு நான் ஓர் எக்செல் அட்டவணை வைத்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பொறியாளனுக்கு ஒரு குழப்பத்தைச் சமாளிக்கத் தெரிந்த வழி அதுதான். முதல் முறை போட்டபோது அதில் மூன்றே பத்திகள்: என்ன வேலை, எப்போது, யார். மாவு அரைப்பது முதல் மறுநாள் திரைச்சீலையைத் துவைப்பது வரை இருபத்தேழு வேலைகள் வந்தன. நாற்காலி வாடகையும் ஐஸ் வாங்குவதும் அப்பாவுக்கு. நண்பர்களை அழைப்பது, பாட்டுப் போடுவது, பானம், குப்பை எனக்கு. மீதி இருபத்தொரு வரிகளிலும் 'யார்' என்ற இடத்தில் ஒரே பெயர்: அம்மா.

அந்த அட்டவணையைப் போட்டதற்குக் காரணம் அதற்கு முந்தைய தீபாவளி இரவு.

மலேசியாவுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். திறந்த இல்ல உபசரிப்பு என்றால் பண்டிகை நாளில் வாசல் கதவு திறந்திருக்கும், தெரிந்தவர்கள் வரலாம், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பொருள். நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் மலாய்க்காரர் வீட்டுக்குப் போவோம், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டுக்கு, தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு. ஜெலுத்தோங்கில் மூன்று அறை உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அன்று எழுபது, எண்பது பேர் வருவார்கள். மலாய் நண்பர்களுக்கு ஹலால் கோழி, அதற்கென்றே எடுத்துவைத்த சட்டி, தட்டு. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி சைவம். அவருக்கு வெங்காயம் பூண்டும் ஆகாது. மாட்டிறைச்சியை எங்கள் வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்க மாட்டோம். இத்தனை வேலிகளையும் மனதில் வைத்துக்கொண்டு, யாரும் முகம் சுளிக்காதபடி, ஒரே அடுப்படியிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு வர வேண்டும். அதை ஒரு பிழையும் இல்லாமல் அம்மா இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். அது ஒரு திறமை என்பதுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

அன்று இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், சட்டியில் ஒட்டியிருந்த குழம்போடு சோற்றைப் பிசைந்து நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பதான் சாப்புடுறியாம்மா?"

"எல்லாரும் சாப்ட்டாச்சில்ல. அது போதும்."

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர். அடுத்த இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "அடுத்த வருஷம் நான் பாத்துக்குறேன், உனக்கு ஒரு டென்ஷனும் இருக்காது," என்று சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான். ஒரு விருந்தில் டென்ஷன் இல்லாமல் இருப்பது சாத்தியமா? சாத்தியம் என்றால், யாருக்கு?

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்ததை இப்போது திரும்பப் படித்தபோது ஒன்று கவனித்தேன். பத்துக் குறளிலும் என்ன சமைப்பது என்ற பேச்சே இல்லை. அமிழ்து ஒரு முறை வருகிறது, விருந்தாளி வெளியே இருக்கும்போது அதையும் தனியாகச் சாப்பிடாதே என்று சொல்வதற்காக. மற்றபடி அவர் அக்கறையெல்லாம் முகத்தில்தான். மோந்தால் வாடும் அனிச்சத்தோடு ஒப்பிட்டு, விருந்தாளி நம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவான் என்கிறார். அங்கேயே இன்னொரு குறள், விருந்தினரை முதலில் உண்ணவைத்து, மிஞ்சியதை உண்பவனைப் புகழ்கிறது. அப்படிப்பட்டவன் நிலத்துக்கு விதைகூடப் போட வேண்டியதில்லையாம்.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். வள்ளுவர் அதை ஆண்பாலில் சொல்கிறார். எங்கள் வீட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டது அப்பாவும் இல்லை, நானும் இல்லை. புகழ் வீட்டுக்காரருக்கு, மிச்சம் வீட்டுக்காரிக்கு என்று எப்போது பிரித்துக்கொண்டோம்? சிலப்பதிகாரத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. மதுரையில், கொலைக்களக் காதையில், தன் கையால் சமைத்துப் போட்ட பிறகு கண்ணகி கோவலனிடம் சொல்லும் குறைகளில் ஒன்று, அவன் பிரிந்துபோனதால் விருந்தினரை எதிர்கொண்டு உபசரிப்பதையும் தான் இழந்துவிட்டாள் என்பது. கணவன் வீட்டில் இல்லாத பெண்ணுக்கு விருந்து வைக்கும் உரிமை இல்லை. வேலை அவளுடையது, உரிமை அவனுடையது. சமைக்கக் கஷ்டமாக இருந்தது என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு கையைவிட்டுப் போனதைத்தான் சொல்கிறாள். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சொன்னபடி அடுத்த தீபாவளியை நான் எடுத்துக்கொண்டேன். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று பேசி கேட்டரிங் சொன்னேன். கழுவத் தேவையில்லாத தட்டு. புலனத்தில் ஆளுக்கொரு நேரம் போட்டு அனுப்பினேன்: சொந்தக்காரர்கள் பன்னிரண்டுக்கு, அக்கம்பக்கம் ஒன்றரைக்கு, என் தொழிற்சாலை நண்பர்கள் மூன்றுக்கு. உற்பத்தி வரிசை மாதிரி ஓடியது. அம்மா பட்டுப்புடவை கட்டி வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்கெல்லாம் வீடு துப்புரவாக இருந்தது. என் வாழ்க்கையில் பார்த்ததிலேயே பதற்றம் இல்லாத தீபாவளி அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு விஷயம் இடித்தது.

ஒன்று, எதிர்வீட்டு ஆன்ட்டி. வழக்கமாக இரண்டு மணி நேரம் உட்காருபவர், தட்டைப் பார்த்துவிட்டு மலாயில் அம்மாவிடம் கேட்டார்: "இந்த வருஷம் உன் முறுக்கு இல்லையா?" அம்மா சிரித்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத சிரிப்பு. ஆன்ட்டி இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். யார் மேலும் குற்றம் இல்லை, அவர் பேசப் பேச அம்மா கை வேலை செய்துகொண்டே இருக்கும் அந்த அடுப்படி வாசல் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, நான் குப்பையைக் கட்டிக்கொண்டு கீழே போனபோது நடந்தது. புளோக்குக்குப் பின்னால், கேட்டரிங் வேன் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவன், என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"இதோ வந்துட்டேன் சார்."

"இல்லல்ல, சாப்புடுங்க. இப்பதான் சாப்புடுறீங்களா?"

"ஆமா சார். காலைல மூணு மணிக்கு ஆரம்பிச்சது. இது நாலாவது வீடு."

காலை மூன்று மணி. அம்மா எழுந்திருக்கும் அதே நேரம். நான் ஒன்றையும் ஒழிக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் சிப்பைக் குளிர வைப்பதாகச் சொல்வோம். உண்மையில் குளிர்ச்சி என்று எதையும் நாங்கள் செய்வதில்லை. சூட்டை வேறு இடத்துக்கு அனுப்புகிறோம். சிப்பிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு, தகட்டிலிருந்து காற்றுக்கு, அறைக் காற்றிலிருந்து கட்டடத்துக்கு வெளியே இருக்கும் ஏர்கான் பெட்டிக்கு. உள்ளே சில்லென்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு தடவை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். நான் அன்று குப்பை போடப் போய் நின்ற இடம் அதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "காசு குடுத்தோமில்ல? நாம ஏமாத்தலியே," என்றார். அது நியாயமான பேச்சு, தட்டிக் கழிக்க முடியாது. பண்டிகை நாளில் யாராவது வேலை செய்யத்தான் வேண்டும். பஸ் ஓட வேண்டும், ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு சமைக்கிறவனின் நிலைமை, கூலியே இல்லாமல் சமைத்த அம்மாவின் நிலைமையைவிட ஒரு வகையில் மேல் என்றுகூடச் சொல்லலாம். வேலைக்குக் கணக்கு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம், சின்னதாகவாவது இருக்கிறது. ஆள் வைத்து விருந்து நடத்துவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் அதற்கு வைத்த பெயர் தப்பு. 'பதற்றம் இல்லாத விருந்து' என்றேன். பதற்றம் இருந்தது, என் கண்ணில் படவில்லை. அவன் என் வீட்டு விருந்தைச் சுமந்தவன். அவனை உள்ளே உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று என் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

தத்துவத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். கான்ட் 1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி' கட்டுரையில், அந்நியன் ஒருவன் நம் மண்ணுக்கு வந்தால் பகைவனாக நடத்தப்படாமல் இருப்பது அவன் உரிமை, நம் கருணை இல்லை என்கிறார். இருநூறு வருஷம் கழித்து தெரிதா அதே இடத்தில் ஒரு சிக்கலைக் காட்டுகிறார். 'வாங்க' என்று சொல்வதற்கே அந்த வீட்டுக்கு நாம் சொந்தக்காரராக இருக்க வேண்டும். ஆகவே நிபந்தனையே இல்லாத வரவேற்பு என்பதை வீட்டுக்காரராக இருந்துகொண்டே கொடுப்பது முடியாத காரியம். இரண்டும் பெரிய சிந்தனைகள். ஆனால் இரண்டும் வாசற்படியில் நடக்கின்றன. உள்ளே வருகிறவன் ஒருவன், உள்ளே விடுகிறவன் ஒருவன். அடுப்படியில் நிற்கிற மூன்றாவது ஆள் அந்தப் படத்தில் இல்லை. எனக்கு விடை வேண்டியிருந்தது அந்த மூன்றாவது ஆளைப் பற்றி.

அது புத்தகத்தில் கிடைக்கவில்லை, தைப்பூசத்தில் கிடைத்தது.

பினாங்குத் தைப்பூசம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போகும் ஜாலான் கெபுன் பூங்கா சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். நடந்து வருகிறவர் யாராக இருந்தாலும் மோர், பானகம், சோறு. அவர் தமிழரா, தேர் வரும் வழியில் தேங்காய் உடைக்கிற சீனரா, படம் எடுக்க வந்த வெள்ளைக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. விருந்து என்ற சொல்லுக்கே பழைய தமிழில் புதுமை என்றுதான் பொருள். தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுள் வகைக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. அப்படியென்றால் விருந்தாளி என்பவர் தெரிந்தவர் இல்லை, புதியவர். அந்தப் பொருள் இன்றைக்கும் அப்படியே நடப்பதை நான் பார்ப்பது இந்தச் சாலையில்தான்.

நிபோங் திபாலில் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படித்த காலத்திலிருந்தே நண்பர்களோடு ஒரு பந்தலில் நான் வேலை செய்கிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு எண்பது பேரோடு ஒப்பிடவே முடியாத கூட்டம். ஆனாலும் அம்மா முகத்தில் தீபாவளிக்கு முதல் நாள் இருக்கிற அந்த இறுக்கத்தை அங்கே நான் யாரிடமும் பார்த்ததில்லை. அந்த வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே, ஏன் என்று யோசித்தேன். மூன்று காரணம் தோன்றியது. அங்கே யாருடைய வீட்டு மானமும் பணயம் வைக்கப்படவில்லை. சோறு தீர்ந்தால் தீர்ந்தது, அடுத்த உலை கொதிக்கும் வரை காத்திரு. இரண்டாவது, முறை மாற்றி வேலை. நாலு மணி நேரத்துக்கு மேல் யாரும் அடுப்பு முன்னால் நிற்பதில்லை. மூன்றாவதுதான் முக்கியம். சாப்பிட வந்தவர் கை கழுவிவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டால் யாரும் தடுப்பதில்லை. விருந்தாளி எந்த நொடியில் வேண்டுமானாலும் விருந்து வைக்கிறவர் ஆகலாம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "தோட்டத்துல அப்படித்தானே இருந்துச்சு," என்றார். அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள் இரவு லயமே அங்கேதான். பெண்கள் தேங்காய் துருவ, ஆண்கள் அண்டா தூக்க, சட்டிபானை பத்து வீட்டிலிருந்து வரும். மலாய்க் கம்பங்களில் கெண்டூரிக்கு இதையே ரேவாங் என்கிறார்கள். பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். விருந்துக்கு அழைக்கிற எண்ணிக்கை மட்டும் தோட்டத்துக் கணக்கிலேயே இருந்தது, சமைக்கிற கை இரண்டாகக் குறைந்துவிட்டது. அம்மாவின் பதற்றத்தை அவர் சுபாவம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

தோட்டத்தைச் சொர்க்கமாக்கி எழுதிவிடக் கூடாது என்பதற்காக அம்மாவே சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்தக் கூட்டு அடுப்படிக்கும் ஒரு வாசல் இருந்தது. யார் உள்ளே வந்து மாவில் கை வைக்கலாம், யார் வெளியே விறகு பிளப்பதோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. "அவங்க பந்தி கடைசியா நடக்கும்," என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. கடைசியாகச் சாப்பிடுபவர் அங்கேயும் இருந்திருக்கிறார், அவரும் மாறாத ஆளாகவே இருந்திருக்கிறார்.

மூன்றாவது தீபாவளிக்கு நான் சொன்ன யோசனை சின்னது: கதவை ஒரு நாள் முன்னாலேயே திறப்போம். வர இஷ்டப்படுகிறவர்கள் சமைக்கவும் வரட்டும்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விருந்தாளிய வேலை வாங்குறதா? நாளைக்கு மூஞ்சிய எங்கடா வச்சுக்குறது?" நான் பந்தலைச் சொன்னேன். அது கோயில், இது வீடு என்றார். நான் விடாமல் பேசினேன், முதுகுவலியை இழுத்தேன், நியாயம் பேசினேன். கடைசியில் குரல் இறங்கி, "போன வருஷம் சோபாவுல உக்கார வச்ச. இந்த வருஷம் குசினியையும் பங்கு போடச் சொல்ற. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா," என்றார்.

கண்ணகி அப்போதுதான் புரிந்தாள். அம்மா வேலையைக் குறைக்கச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. வேலையை நான் பாரமாக மட்டும் பார்த்தேன். அது அவர் அதிகாரமாகவும் இருந்தது. எண்பது பேர் ஒரு நாள் அவர் கையை எதிர்பார்த்து வருகிறார்கள். வேறு எந்த இடத்தில் அவருக்கு அது கிடைத்தது? பாரத்தை இறக்குகிறேன் என்று அதிகாரத்தையும் சேர்த்து இறக்குவது உதவி ஆகாது. அதற்காக, அதிகாரம் இருக்கிறதே என்று பாரத்தை அவர் தலையிலேயே விட்டுவைப்பதும் நியாயம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. செய்ததைச் சொல்கிறேன்.

அட்டவணையை அம்மா கையில் கொடுத்தேன். அவர் பதினோரு பதார்த்தத்தை ஆறாகக் குறைத்தார், அவராகத்தான். அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டோம். அதில் உட்கார்ந்து அவர் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். அப்பா வெங்காயம் உரித்தார், அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக. எதிர்வீட்டு ஆன்ட்டி சொந்தக் கத்தியோடு வந்து, நாங்கள் காய் வெட்டுகிற அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கீழ்வீட்டு மக்சிக் முறுக்கு பிழிந்தார். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், இரண்டு முறை எழுந்துபோய்ப் பிடுங்கப் பார்த்தார், பிறகு, "தாக் ஆப்பா," பரவாயில்லை என்று உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்று எனக்குத் தெரியும். தன் வீட்டுத் தட்டில் கோணல் முறுக்கு இருப்பதை ஊர் பார்க்கட்டும் என்று விடுவது அவருக்கு மூன்று மணிக்கு எழுந்திருப்பதைவிடக் கஷ்டம்.

மறுநாள் பதற்றம் இல்லாமல் இல்லை. ரசம் பத்தவில்லை, ஒரு தட்டு உடைந்தது, கோழிக்கு வைத்த கரண்டி சைவக் குழம்புக்குள் போய்விட்டது என்று ஒரு நிமிஷம் வீடே உறைந்து நின்றது. நல்ல வேளை, போகவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உறைந்தோம். ஒருவர் மட்டும் உள்ளே நின்று நடுங்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா மக்சிக்கோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் ஒரு தடவை எழுந்து போனார். ஆனால் திரும்பி வந்தார்.

அன்று இரவு சட்டியை வழித்துச் சாப்பிட்டது நான். ஆறின சோறு, அடியில் தங்கின குழம்பு. நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். கால் வலித்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ருசியாக இருந்தது. எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்று தெரிந்து சாப்பிடும்போது ஒரு நிம்மதி இருக்கிறது. அந்தக் குறள் புகழ்ந்தது பொய்யில்லை, அம்மா "அது போதும்" என்று சொன்னதும் பொய்யில்லை. அந்த இடத்தில் வருஷா வருஷம் ஒரே ஆளை நிறுத்திவைத்ததுதான் எங்கள் தப்பு.

இப்போது அட்டவணையில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கடைசியாகச் சாப்பிடுபவர்.' அது முறை மாறி வரும். அடுத்த தீபாவளிக்கு அப்பாவின் பெயர் இருக்கிறது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.